ஏறு, இறங்கு, வா, போ: லான் அண்ணியோடு திருச்சியில்

ராஜமாணிக்கம் அண்ணே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

உறையூரில் உங்கள் வீட்டு வாசலில் நின்று, என் அண்ணி லான், ஒரு சீனாக்காரி, உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு சாவு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனதாகப் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் வந்தது என்றும் தெரியும். அந்தப் பதிலை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். அதனால் அந்தப் பயணத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். நான் பரோட்டா மாஸ்டர். மாவைத்தான் அழகாக வீசத் தெரியும். வார்த்தையை வீசினால் யார் மேலாவது படும். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். இதில் திட்டு வாங்கப்போகிறவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும்.

நானும் என் அண்ணன் சேகரும் சீனாவில் ஈவூ என்ற ஊரில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனோம். வளையலிலிருந்து வாளி வரை மொத்த வியாபாரம் நடக்கும் ஊர் அது. கடையில் கல்லாவில் இருந்தவர் லான். பிறகு என் அண்ணி ஆனவர். சேகர் அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போய், ஈவூ ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "என் சாம்பலை அம்மா மண்டபத்தில் காவிரியில் கரைங்க. லான் கையால் கரைங்க." அப்போது வீடியோ காலில் எங்கள் பெரியப்பா மகன் நீங்கள்தான் இருந்தீர்கள், ராஜமாணிக்கம் அண்ணே. "கவலைப்படாதே தம்பி, நானே மண்டபத்துல கூட நிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னபோது போனைப் பிடித்திருந்தவன் நான்.

இங்கே கொஞ்சம் சீன மொழி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் லான் அண்ணியைப் புரிந்துகொள்ள முடியாது.

ஈவூவுக்குப் போன புதிதில் நாலு வார்த்தை கற்றேன். ஷாங் என்றால் மேலே ஏறு. ஷியா என்றால் கீழே இறங்கு. லாய், வா. ச்சூ, போ. அடுப்படிக்கு இது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. "சாப்பாட்டை ஏற்று" என்றார்கள். தட்டைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தேன். ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குக் கொண்டு போ என்று அர்த்தமாம். "நூடுல்ஸை இறக்கு" என்றார்கள். அடுப்பிலிருந்து இறக்கினேன். கொதிக்கிற தண்ணீரில் போடு என்று அர்த்தமாம். வேலை ஆரம்பிப்பதற்கு ஏறுவது, வேலை முடிவதற்கு இறங்குவது. போன மாதம் மேல் மாதம், வருகிற மாதம் கீழ் மாதம். இது தெரியாமல் முதலாளியிடம் போய் மேல் மாதம் லீவு வேண்டும் என்று கேட்டேன். முடிந்துபோன மாதத்துக்கு லீவு கேட்டவன் என்று அடுப்படியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கல்லாவில் இருந்த லான். "யார் இந்தப் பொண்ணு, இப்படிச் சிரிக்குது?" என்று சேகர் அண்ணன் எட்டிப் பார்த்தார். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

லான்தான் பிறகு விளக்கினார். "காலம் ஒரு ஆறு. மேலே இருந்து வருவது ஏற்கெனவே நடந்தது. கீழே இறங்கிப் போவதுதான் இனி நடக்கப்போவது." நான் காவிரிக் கரைக்காரன். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது.

திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய அன்றே முதல் நன்றி. சோதனை மேசையில் இருந்த அதிகாரி அண்ணனின் சாம்பல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் குரலை உயர்த்தத் தயாரானேன். லான் அண்ணி இறப்புச் சான்றிதழை நீட்டினார். அதிகாரி படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் மூடி, இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்தார். "காவேரிக்குங்களா? பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. இதைப் படித்தால் அவருக்கு என் கும்பிடு.

வெளியே ஆட்டோ பிடித்தோம். காதர் பாய். கையில் பெட்டியையும் பக்கத்தில் சீனப் பெண்ணையும் பார்த்தார். அண்ணன் சாம்பல் என்று நானே சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டார். "எங்க போறதுன்னாலும் எனக்கே போன் பண்ணுங்க. துக்கக் காரியத்துக்கு ஆளு மாத்தக்கூடாது" என்றார். இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கே தெரியாது. அவராகவே உண்டாக்கியதாக இருக்கலாம். நல்ல வழக்கம்.

அன்று மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டோம். ஈவூவில் ஒரே நேரத்தில் பத்துக் கிண்ணம் மேசைக்கு நடுவில் வரும், எல்லோரும் அதில் கை நீட்டுவோம். இங்கே இலை ஒருவருக்கு ஒன்று. லான் அண்ணிக்கு அது பிடித்திருந்தது. கருணைக்கிழங்கு வறுவலை இரண்டு முறை வாங்கினார். ரசம் ஊற்றியபோது அது இலையின் ஓரத்துக்கு ஓட, இரண்டு கையாலும் அணை கட்டினார். பரிமாறியவர் நின்று வேடிக்கை பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி இலையை எதிர்ப்பக்கமாக மூடப் போனார்.

"அம்மா, அப்படி இல்லம்மா, உங்க பக்கமா மடிங்க" என்று பரிமாறியவர் ஓடி வந்தார். "வெளிப்பக்கமா மடிக்கிறது கருமாதிச் சாப்பாட்டுக்கு. உங்க பக்கமா மடிச்சாத்தான் மறுபடி வருவீங்க."

நான் மொழிபெயர்த்தேன். லான் அண்ணி இலையைத் தன் பக்கம் மடித்தார். "உங்கள் ஊரில் இலைக்குக்கூட லாய், ச்சூ இருக்கிறதா?" என்று கேட்டார். அண்ணன் போன பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பரிமாறிய அண்ணனுக்கு நன்றி.

மறுநாள் காலையில் காதர் பாய் எங்களைக் காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். ஆற்றை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அண்ணி கேட்டிருந்தார். மேட்டூர் திறந்திருந்த சமயம். கரை முட்டத் தண்ணீர். பாதிப் பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். "அட எடுய்யா வண்டிய! பாலத்த உங்க அப்பனா கட்டுனாரு?" என்று பஸ் டிரைவர். "எங்க அப்பன் கட்டியிருந்தா நிக்க எடம் விட்டுக் கட்டியிருப்பாரு!" என்று காதர் பாய். அதற்குள் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் குதித்துத் தள்ள வந்தார்கள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு லான் அண்ணியும் இறங்கித் தள்ளினார். வண்டி உறுமிக் கிளம்பியதும் "ச்சிலாய்! ச்சிலாய்!" என்று கத்தினார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றார் காதர் பாய்.

"எழுந்து வந்துடுச்சாம்."

"எழுந்தது சரி. மறுபடி படுக்காம இருக்கணும். துஆ செய்யச் சொல்லுங்க."

ச்சிலாய் என்றால் எழுந்து வருவது. ஆனால் சீனர்கள் அதை எதன் பின்னாலும் ஒட்டுவார்கள். மழை எழுந்து வந்தது என்றால் பெய்யத் தொடங்கியது. அழுகை எழுந்து வந்தது என்றால் அழ ஆரம்பித்தார். நினைப்பு எழுந்து வந்தது என்றால் மறந்தது ஞாபகம் வந்தது. இதையெல்லாம் நான் ஆட்டோவில் காதர் பாய்க்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணி ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அந்த இரண்டாவது ச்சிலாய் வந்தது. காதர் பாய் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினார்.

அங்கிருந்து நேராக உறையூர். இனி உங்கள் பகுதி, ராஜமாணிக்கம் அண்ணே.

சாம்பல் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே சொன்னீர்கள். வழக்கம்தான். எனக்குக் கோபமில்லை. பெட்டியை எங்கே வைப்பது என்று நான் முழித்தபோது காதர் பாய்தான் "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றார். உள்ளே போனோம். உங்கள் மனைவி தனம் அண்ணி காபி கொடுத்தார். நீங்கள் உட்காரச் சொல்லவில்லை.

"குமரா, நீ கரை. பொம்பளை கரைக்கிற வழக்கம் நம்ம பக்கம் கிடையாது. அதுவும் சீனாக்காரி."

"அண்ணன் கேட்டது அவங்க கையாலண்ணே. உங்ககிட்டயும் சொன்னாரு."

"சாகப்போறவன் ஆயிரம் சொல்லுவான். எல்லாத்துக்கும் தலையாட்டுறதுதான்."

"ஆஸ்பத்திரியில அவரு பீ மூத்திரம் அள்ளுனது அந்தக் கைதான். அப்ப வழக்கம் எங்க போயிருந்துச்சு?"

"டேய், வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன பேச்சு பேசுற? அந்தப் பொம்பளை கரைக்கிறதா இருந்தா நான் நாளைக்கு வரமாட்டேன். அவ்வளவுதான்."

இதெல்லாம் லான் அண்ணிக்குப் புரியவில்லை. ஆனால் முகத்தைப் படிக்க மொழி வேண்டாம். காபியைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். வாசலுக்கு வந்தோம். அவருக்குத் தெரிந்த தமிழ் விரல் விட்டு எண்ணக்கூடியது, எல்லாம் சேகர் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. வாங்க, சாப்பிடுங்க, போதும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லாதே, போயிட்டு வரேன் என்று சொல் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தினமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் துக்கக் காரியமாக வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்பதை அவர் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய நாள் வந்தபோது அவர் இல்லை. நானாவது சொல்லியிருக்கலாம். உங்களோடு சண்டை போடுவதில் மறந்துவிட்டது.

லான் அண்ணி தனம் அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வரேன்" என்றார்.

நீங்கள் துள்ளினீர்கள். "என்னது? வரியா? சாம்பலை வண்டியில வச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல நின்னு வரேன்னு சொல்லுவியா? இன்னொரு சாவுக்கா வரப்போற?"

தெருவே கேட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அப்போது உங்கள் மனைவி என்ன செய்தார், என்ன சொன்னார்? அதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஆட்டோவுக்குத் திரும்பினோம். காதர் பாய் தன் சீட்டில் இல்லை. பின் சீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து முன்னால் போனார். இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் வார்த்தை இல்லை.

வழியில் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தி, நடந்ததை அண்ணிக்குச் சொன்னேன். என்ன தவறு என்பதையும் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அவர் யோசித்தார்.

"அவர் கோபப்பட்டது எனக்குப் புரிகிறது" என்றார். "வா என்பது கனமான வார்த்தை. எங்களிடமும் அப்படித்தான். ஒருவன் மயங்கி விழுந்தால் கடந்து போனான் என்போம். கண் விழித்தால் கடந்து வந்தான் என்போம். போவது தன்னை விட்டு. வருவது தன்னிடம்."

தமிழிலும் அதே கதைதான். பால் கெட்டுப்போச்சு என்று சேகர் அண்ணன் ஒருமுறை சொல்லப்போய், பால் எங்கே போனது என்று லான் அண்ணி அடுப்படி முழுக்கத் தேடினார். செத்துப்போனான், ஓய்ந்துபோனான், நொந்துபோனான். கெட்டது எல்லாம் போகிறது. நல்லபடியாக நடப்பதை மட்டும் வாழ்ந்து வருகிறார் என்கிறோம். இந்த ஒன்று மட்டும் சீனத்தில் நேர் தலைகீழ். உயிரோடு தொடர்ந்து இருப்பதை அவர்கள் இறங்கிப் போவது என்பார்கள். ஆறு மாதிரி.

இளநீரைக் கீழே வைத்துவிட்டு அண்ணி இன்னொன்றும் சொன்னார். "ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சேகர் என்னிடம் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். போயிட்டு வரேன் என்றார். போனார். நான்தான் அவரைக் கொண்டு வந்திருக்கிறேன். இது அவர் ஊர். உன் அண்ணன் சொன்னபடி வந்துவிட்டார் என்று அந்த வீட்டில் யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன்."

உறையூருக்குத் திரும்பிப் போய் உங்களை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. காதர் பாய்தான் என் தோளில் கை வைத்து, "முதல்ல காரியத்த முடிங்க தம்பி. சண்டை எங்கயும் ஓடிப்போவாது" என்றார். அதனால்தான் அதை இப்போது போடுகிறேன்.

அடுத்த நாள் விடிந்ததும் அம்மா மண்டபம். லான் அண்ணி சேகர் அண்ணன் எடுத்துக் கொடுத்த பருத்திப் புடவையை வீடியோ பார்த்து, ஊக்கு ஊக்காகக் குத்திக் கட்டியிருந்தார். மண்டபத்தில் ஒரே கூட்டம். தர்ப்பணம் கொடுப்பவர்கள், ஈரத்துணி பிழிபவர்கள், எள்ளும் வாழைக்காயும் விற்பவர்கள். ஒரு வாத்தியார் எங்களைக் கூப்பிட்டார்.

"கர்த்தா யாரு? யார் பண்ணப்போறா?"

"இவங்க. அவரு சம்சாரம்." நான் சண்டைக்குக் கையை மடித்துக்கொண்டு நின்றேன். வாயில் கெட்ட வார்த்தை தயாராக இருந்தது.

அவர் லான் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "புடவையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கச் சொல்லுங்கோ. படி வழுக்கும்."

"மந்திரம் அவங்களுக்குத் தெரியாதுங்க."

"இங்க யாருக்குத் தெரியறது? நான் சொல்றதை நீங்க திருப்பிச் சொல்லுங்கோ. அவா மனசுல நினைச்சுக்கட்டும். கோத்ரம்?"

"தெரியாதுங்க."

"தெரியலைன்னா விஷ்ணு கோத்ரம். உட்காருங்கோ."

தயாராக வைத்திருந்த கெட்ட வார்த்தை வீணாகிவிட்டது. வாத்தியார் சுவாமி, உங்களுக்கு நமஸ்காரம்.

பெட்டியிலிருந்து சாம்பலை மண் கலயத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குரல். "இது என்ன கட்டு? கொடியில காயப்போட்ட மாதிரி!" திரும்பினால் தனம் அண்ணி. மூச்சு வாங்க நின்றார். தோளில் மஞ்சள் பை, அதற்குள் மாற்றுப் புடவையும் துண்டும். "அவரு மார்க்கெட்டுக்குப் போனதும் கிளம்பினேன்டா குமரா. டவுன் பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்ல." பேசிக்கொண்டே லான் அண்ணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சுற்றியிருந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு, புடவையைத் திரும்பக் கட்டி இடுப்பில் இழுத்துச் செருகினார். லான் அண்ணி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை போல அசையாமல் நின்றார்.

படியில் இறங்கினோம். தனம் அண்ணி லான் அண்ணியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் நிற்பதாகச் சொன்ன இடத்தில் நின்றவர் அவர்தான், ராஜமாணிக்கம் அண்ணே.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு லான் அண்ணி என்னைக் கேட்டார். "ஷியா எந்தப் பக்கம்?"

நான் கிழக்கே கல்லணைப் பக்கம் காட்டினேன். ஆறு இறங்கிப் போகும் பக்கம். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். வாத்தியார் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். அண்ணி குனிந்து கலயத்தைத் தண்ணீருக்குள் சாய்த்தார். சாம்பல் ஒரு நிமிடம் அவர் முழங்காலைச் சுற்றியது. பிறகு நகர்ந்தது.

"ஷியாச்சூ பா" என்றார்.

"என்னடா சொல்லுறா?" என்றார் தனம் அண்ணி.

"இறங்கிப் போ, அப்படியே தொடர்ந்து போன்னு சொல்றாங்க."

"அவனுக்குச் சொல்லுறாளா, அவளுக்கே சொல்லிக்கிறாளா?"

நான் கேட்கவில்லை. சில கேள்விகளை மொழிபெயர்க்காமல் விடுவதும் நல்லதுதான்.

திரும்பிப் பார்க்காமல் படியேறினோம். மேலே வந்ததும் லான் அண்ணி தனம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டார். தனம் அண்ணியும் சொல்லவில்லை. கையை ஒருமுறை அழுத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

தீட்டு என்பதால் கோயிலுக்குள் நாங்கள் போகவில்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே ரோட்டோரம் நின்று, காதர் பாயும் நானும் லான் அண்ணியும் டீ குடித்தோம். "இவ்வளவு உயரத்துக்கு எந்த வார்த்தை போடுவீங்க?" என்றார் பாய். நான் கேட்டுச் சொன்னேன். "வெறும் ஷாங்தான்" என்றார் அண்ணி. "சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுபோகிற அதே ஷாங்." பாய் நன்றாகச் சிரித்தார். "அப்ப உங்க கடையில சர்வருங்க எல்லாம் கோபுரம் ஏறுறவங்கன்னு சொல்லுங்க."

கிளம்புகிற அன்று காதர் பாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தனம் அண்ணி அவர் நம்பரை என்னிடம் வாங்கியிருந்தார், எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே புளியோதரை, மணப்பாறை முறுக்கு, லான் அண்ணிக்கு ஒரு டஜன் ஊக்கு. விமான நிலைய வாசலில் லான் அண்ணி காதர் பாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டார். சொல்லலாம் என்றேன்.

"போயிட்டு வரேன்."

"வாங்கம்மா. இன்ஷா அல்லாஹ், வாங்க. நம்ம வண்டி படுக்காம காத்துக்கிட்டு இருக்கும்."

ஈவூ வந்து இறங்கி போனைத் திறந்தால் உங்கள் குரல். குரூப்பில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டு, அந்தப் பொம்பளையை இனி வாசலில் சேர்க்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் பாதிதான் தெரியும். லான் அண்ணிக்கு நம் ஊரில் இருக்கும் ஒரே சொந்தம் நம் குடும்பம். அந்த வாசலை நீங்கள் ஒரு பொய்யால் அடைக்கப் பார்க்கிறீர்கள். விடமாட்டேன். தனம் அண்ணியிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுடா. நான் சொன்னதுதானே, எனக்கென்ன பயம்?" என்றார்.

ராஜமாணிக்கம் அண்ணே, அன்று உங்கள் வாசலில் நீங்கள் கத்தி முடித்ததும், உங்கள் மனைவி படியிறங்கி வந்தார். லான் அண்ணியின் கன்னத்தைத் தொட்டார். "வா கண்ணு. நல்லபடியா முடிச்சிட்டு வா. இது உன் வீடு" என்றார். உங்கள் வீட்டு வாசலில், உங்கள் காதுபட. வரேன் என்றது சாபம் என்றால், வா என்றது என்ன? அதை ஏன் மறைத்தீர்கள்? தம்பிக்குக் கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்றவில்லை?

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். வையம்பட்டியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். அங்கே சாமி முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். நானும் இருப்பேன். லான் அண்ணியும் இருப்பார். வரேன் என்று சொல்லியிருக்கிறார். வருவார்.